கைல் கம்பைலரில் தயாரான லைப்ரரியை ஜிசிசியுடன் இணைத்தால் ஸ்ட்ரக்சர் தவறாக வாசிக்கப்படுகிறது

மின்மானி:

வணக்கம். மும்முனை மின்சாரத்தை அளக்கும் கருவி ஒன்றுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன். கண்ட்ரோலர் எஸ்டிஎம்32எஃப்407. கம்பைலர் (மூலநிரலை எந்திரக் கட்டளைகளாக்கும் கருவி) ஆர்ம்-நன்-இஏபிஐ-ஜிசிசி. எல்லாம் மேக்ஃபைல் (தயாரிப்புக் கட்டளைகள் அடங்கிய கோப்பு) வழியாகத்தான் நடக்கிறது. அளவிடும் சிப்பை எங்களுக்கு விற்ற நிறுவனம், கணக்கீடுகள் அடங்கிய லைப்ரரியை மூலநிரல் இல்லாமல், ஒரு ஹெடர் கோப்போடு கொடுத்திருக்கிறது. அவர்கள் அதைக் கைல் யூவிஷன் என்ற மென்பொருளில் ஆர்ம் கம்பைலர் 5 கொண்டு தயாரித்திருக்கிறார்கள். எங்களிடம் கைல் உரிமம் இல்லை. ஜிசிசிக்குத் தனிப் பதிப்பு கேட்டோம். “இரண்டுமே எல்ஃப் கோப்புகள்தான், அப்படியே இணையும்” என்று பதில் வந்தது.

இணைத்துப் பார்த்தபோது முதலில் இரண்டு பிழைகள் வந்தன. ‘__ஹார்ட்எஃப்பி_ஏடேன்2எஃப்’, ‘__2பிரிண்ட்எஃப்’ ஆகிய பெயர்கள் எங்கேயும் இல்லை என்றது லிங்கர் (கம்பைல் ஆன கோப்புகளை ஒன்றாக இணைக்கும் கருவி). அந்தப் பெயர்களிலேயே இரண்டு சிறிய ஃபங்ஷன்களை எழுதி, உள்ளே வழக்கமான ஏடேன்2எஃப், விபிரிண்ட்எஃப் இரண்டையும் அழைத்தேன். அடுத்து, ‘.டேட்டா’ பிரிவு ஏற்றப்படும் முகவரி ‘.கான்ஸ்ட்டேட்டா’ பிரிவின் மேல் விழுகிறது என்று ஒரு பிழை. எங்கள் லிங்கர் ஸ்கிரிப்ட் பழையது. அதில் ‘.ரோடேட்டா’ இருக்கும் இடத்திலேயே ‘.கான்ஸ்ட்டேட்டா’வையும் சேர்த்ததும் பிழை நின்றது. இது சரிதானா என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவதுதான் பெரிய கேள்வி. இப்போது எந்தப் பிழையும் எச்சரிக்கையும் இல்லாமல் இணைகிறது. அளவுத்திருத்த ஃபங்ஷன் மூன்று தசம எண்களையும் ஒரு முழு எண்ணையும் வாங்கிக்கொண்டு சரியான விடையைத் தருகிறது. ஆனால் தொடக்க ஃபங்ஷன் எப்போதும் -2, அதாவது ‘தவறான அளவுரு’ என்றே திருப்பி அனுப்புகிறது. அதற்கு ஒரு ஸ்ட்ரக்சரின் (பல உறுப்புகள் அடங்கிய தரவுத் தொகுப்பு) முகவரியைக் கொடுக்க வேண்டும். உறுப்புகள் வரிசையாக: அளவிடும் முறை (0, 1, 2 என்று மூன்று மதிப்புகள் கொண்ட எனம், அதாவது மதிப்புகளுக்குப் பெயர் சூட்டிய வகை), 8 பிட் சேனல் எண், 16 பிட் மாதிரி வேகம், 32 பிட் காத்திருப்பு நேரம். நான் கொடுப்பவை முறையே 2, 3, 1000, 500. அழைப்பதற்கு முந்தைய வரியில் டீபக்கரில் நிறுத்திப் பார்த்தால் நான்கும் அப்படியே இருக்கின்றன.

இன்னொரு விசித்திரம். கருவியின் நிலையை வாசிக்கும் ஃபங்ஷனுக்கு ஓர் எனம் மாறியின் முகவரியைக் கொடுக்க வேண்டும். அது நிலையைச் சரியாகவே எழுதுகிறது. ஆனால் அந்த அழைப்புக்குப் பிறகு, பக்கத்தில் அறிவித்திருக்கும் ‘அளவெடுப்பு முடிந்தது’ என்ற கொடி மாறி பூஜ்யமாகிவிடுகிறது. இண்டரப்ட் வேலையோ என்று அவற்றை முடக்கியும் பார்த்தேன், பலனில்லை.

கரிசல்காடு:

ஸ்ட்ரக்சர் பற்றிய பிரச்சினை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உறுப்புகளுக்கு நடுவே விழும் இடைவெளி பைட்டுகளைத்தான். ஹெடரில் அந்த ஸ்ட்ரக்சருக்கு அவற்றை நீக்கும் ‘பேக்டு’ அடைமொழி கொடுத்துப் பாருங்கள். அதோடு, இல்லாத பெயர்களுக்குத் தனித்தனியாக ஃபங்ஷன் எழுதுவதைவிட, கைலோடு வரும் சி லைப்ரரியை யாரிடமாவது வாங்கிச் சேர்த்து இணைத்துவிடலாமே?

மின்மானி, லிங்கரை அழைக்கும் முழு வரியையும் இங்கே இடுங்கள். அது இல்லாமல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மின்மானி:

பேக்டு கொடுத்துப் பார்த்தேன், அதே -2 தான். லிங்கர் வரியில் உள்ள விருப்பங்கள் இவை. மேக்ஃபைல் எனக்கு முன் இந்தத் திட்டத்தைப் பார்த்தவரிடமிருந்து வந்தது, இந்த வரியை நான் தொடவில்லை.

-எம்சிபியு=கார்டெக்ஸ்-எம்4 -எம்தம்ப்
-எம்ஃப்ளோட்-ஏபிஐ=ஹார்டு -எம்எஃப்பியு=எஃப்பிவி4-எஸ்பி-டி16
--ஜிசி-செக்ஷன்ஸ்
--நோ-எனம்-சைஸ்-வார்னிங்
--நோ-டபிள்யூசார்-சைஸ்-வார்னிங்

சிலிக்கான்மணல்:

மின்மானி, கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். உங்கள் கேள்விக்கான விடையை லிங்கர் ஒவ்வொரு முறையும் சொல்ல முயன்றிருக்கிறது. அதைச் சொல்லவிடாமல் வாயடைத்தவை அந்த இரண்டு விருப்பங்கள்.

உங்களுக்கு வந்த “இரண்டுமே எல்ஃப்” என்ற பதில் பாதி உண்மை. எல்ஃப் என்பது கோப்பின் அமைப்பு. எந்தப் பிரிவு எங்கே, எந்தப் பெயர் எந்த முகவரியில் என்பதை லிங்கர் வாசிப்பதற்கு அது போதும். ஒரு கம்பைலர் எழுதிய அழைப்பை மற்றொரு கம்பைலர் எழுதிய ஃபங்ஷன் சரியாகப் புரிந்துகொள்ள வேறோர் ஒப்பந்தம் வேண்டும். ஆர்ம் நிறுவனமே அதை எழுதி வெளியிட்டிருக்கிறது. இஏபிஐ என்று நீங்கள் கம்பைலரின் பெயரிலேயே தினமும் தட்டச்சு செய்வது அதைத்தான். முதல் நான்கு முழு எண்கள் ஆர்0 முதல் ஆர்3 வரையிலான ரிஜிஸ்டர்களில் போகும், ‘ஹார்டு’ முறையில் தசம எண்கள் எஸ்0 முதல் தொடங்கும் ரிஜிஸ்டர்களில் போகும், அழைக்கும் இடத்தில் ஸ்டாக் 8 பைட் எல்லையில் நிற்க வேண்டும். இரண்டு கம்பைலர்களும் இதைப் பிசகாமல் கடைப்பிடிக்கின்றன. அதனால்தான் உங்கள் அளவுத்திருத்த ஃபங்ஷன் சரியாக ஓடுகிறது. 64 பிட் வகுத்தல், டபுள் கூட்டல் போன்றவற்றுக்கு லைப்ரரி அழைக்கும் ‘__ஏஇஏபிஐ’ என்று தொடங்கும் துணை ஃபங்ஷன்களின் பெயர்கள் கூட ஒப்பந்தத்தில் உள்ளவைதான். அவை ஜிசிசியின் சொந்த லைப்ரரியிலிருந்தே கிடைத்துவிடுகின்றன.

ஆனால் அந்த ஒப்பந்தம் சிலவற்றைத் தயாரிப்பவரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. எனம் எத்தனை பைட் என்பது அவற்றில் ஒன்று. மதிப்புகள் கொள்ளும் அளவுக்குச் சிறியதாக வைத்துக்கொள்ளலாம், எப்போதும் 4 பைட் என்றும் வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஜிசிசி இயல்பாகச் சிறியதையே எடுக்கும். ஆர்ம் கம்பைலர் 5 கூட இயல்பில் அப்படித்தான். ஆனால் யூவிஷனில் ‘எனம் கண்டெய்னர் ஆல்வேஸ் இன்ட்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டிருந்தால் எல்லா எனமும் 4 பைட் ஆகிவிடும். உங்களுக்கு லைப்ரரி கொடுத்தவர்கள் அதைப் போட்டிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. ரீட்எல்ஃப் கருவியை -ஏ என்ற பெரிய எழுத்து விருப்பத்துடன் இரண்டு பக்கக் கோப்புகளின் மேலும் ஓட்டி, ‘டேக்_ஏபிஐ_எனம்_சைஸ்’ வரியை ஒப்பிடுங்கள், தெரிந்துவிடும்.

கணிப்புக்குக் காரணம் இது. உங்கள் பக்கம் எனம் 1 பைட். எனவே முறை 0ஆம் பைட்டில், சேனல் 1இல், வேகம் 2இல், காத்திருப்பு 4இல். மொத்தம் 8 பைட், நடுவில் ஓர் இடைவெளியும் இல்லை. (பேக்டு கொடுத்தும் எதுவும் மாறாததன் காரணம் அதுதான். நெருக்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை.) லைப்ரரியின் பக்கம் முறை 0 முதல் 3 வரை, சேனல் 4இல், ஒரு பைட் காலி, வேகம் 6இல், காத்திருப்பு 8இல். மொத்தம் 12 பைட்.

நீங்கள் கொடுத்த மதிப்புகள் நினைவகத்தில் இப்படிக் கிடக்கும்:

2, 3, 232, 3, 244, 1, 0, 0

முதல் நான்கு பைட்டையும் சேர்த்து ‘முறை’ என்று லைப்ரரி வாசிக்கிறது. அதற்குக் கிடைப்பது 2 அல்ல, 6,55,36,770. அனுமதித்தவை 0, 1, 2 மட்டுமே என்பதால் -2 என்று திருப்பி அனுப்புகிறது. அந்தச் சோதனை மட்டும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் சேனல் எண்ணாக 244ஐயும், வேகமாகப் பூஜ்யத்தையும், காத்திருப்பு நேரமாக உங்கள் ஸ்ட்ரக்சருக்கு வெளியே கிடக்கும் ஏதோ நான்கு பைட்டையும் எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கியிருக்கும். உள்ளே வரும் மதிப்பைச் சோதித்த அந்த நிரலாளரை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

உங்கள் கொடி மாறி பூஜ்யமாவதும் இதே கதைதான், ஆனால் இதுதான் அதிக ஆபத்தானது. நிலையை எழுதச் சொல்லி 1 பைட் மாறியின் முகவரியைக் கொடுக்கிறீர்கள். லைப்ரரி அங்கே 4 பைட் எழுதுகிறது. நிலை 2 என்றால் 2, 0, 0, 0. முதல் பைட் சரியான இடத்தில் விழுவதால் நிலை சரியாகவே தெரிகிறது. அடுத்த மூன்று பூஜ்யங்களும் பக்கத்து மாறிகளின் மேல் விழுகின்றன. உங்கள் கொடி அங்கே இருந்ததால் கண்ணில் பட்டது. மாறிகளின் வரிசை கொஞ்சம் மாறியிருந்தால், வேறெங்கோ ஒரு கணக்கு எப்போதாவது தவறும், யாராலும் காரணம் கண்டுபிடிக்க முடியாது.

ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்பும் (கம்பைலர் எழுதித் தரும் கோப்பு) தன் விருப்பங்களைத் தனிப் பிரிவு ஒன்றில் எழுதி வைத்திருக்கிறது. லிங்கர் அவற்றை ஒப்பிடுகிறது. தசம எண்களை அனுப்பும் முறை மாறுபட்டால் இணைக்கவே மறுக்கும். எனம், டபிள்யூசார் (அகல எழுத்து வகை) அளவுகள் மாறுபட்டால் எச்சரிக்கை மட்டும் தரும், ஏனென்றால் அந்த வகைகள் உண்மையில் கோப்புகளுக்கிடையே கைமாறுகின்றனவா என்பது அதற்குத் தெரியாது. டபிள்யூசார் எச்சரிக்கை பெரும்பாலும் தீங்கற்றது. ஆர்ம் கம்பைலர் 5 இயல்பில் 2 பைட், ஜிசிசி 4 பைட், எனவே அது எப்போதும் வரும். உங்கள் ஹெடரில் அந்த வகையே இல்லை என்றால் கவலையில்லை. அந்தத் தொல்லையை நிறுத்தப் போனவர் எனம் எச்சரிக்கையையும் சேர்த்து நிறுத்தியிருக்கிறார். எனம் எச்சரிக்கையைத் தயவுசெய்து இன்றே திரும்பக் கொண்டுவாருங்கள். வேறொருவர் தயாரித்த ஆப்ஜெக்ட் கோப்பு உள்ளே வரும் திட்டத்தில் அதை அணைத்து வைப்பதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கமாட்டேன்.

சரிசெய்ய இரண்டு வழிகள். உங்கள் திட்டம் முழுவதையும் -எஃப்நோ-ஷார்ட்-எனம்ஸ் கொண்டு கம்பைல் செய்யலாம். அப்போது ஜிசிசியோடு வரும் நியூலிப் என்ற சி லைப்ரரியின் கோப்புகளைப் பற்றி எச்சரிக்கை வரும், அதற்கு நடுவே உண்மையான எச்சரிக்கை தொலைந்துவிடும். நான் பரிந்துரைப்பது மற்றது. ஹெடரின் நகல் ஒன்றில் ஒவ்வொரு எனமின் கடைசியிலும் 2147483647 என்ற மதிப்புள்ள ஓர் உறுப்பைச் சேருங்கள். அந்த எண் 4 பைட்டில்தான் அடங்கும் என்பதால் ஜிசிசி அந்த எனமை மட்டும் 4 பைட் ஆக்கிவிடும். கீழே ‘_ஸ்டாட்டிக்_அசர்ட்’ கொண்டு ஸ்ட்ரக்சரின் அளவு 12, காத்திருப்பு நேரத்தின் தூரம் 8 என்று எழுதி வையுங்கள். நாளை யாராவது விருப்பங்களை மாற்றினால் கம்பைல் ஆகாமல் நின்றுவிடும்.

நம் பக்கத்தை இது உறுதி செய்யும், லைப்ரரியின் பக்கத்தை அல்ல. அதற்கு ஆப்ஜ்டம்ப் கருவி கொண்டு தொடக்க ஃபங்ஷனை எந்திரக் கட்டளைகளாகப் பிரித்துப் பாருங்கள். ஆர்0வில் வரும் முகவரியிலிருந்து 4 தள்ளி ஒரு பைட்டும், 6 தள்ளி இரண்டு பைட்டும், 8 தள்ளி நான்கு பைட்டும் வாசிக்கும் கட்டளைகள் கண்ணில் பட வேண்டும். ஹெடர் சொல்வதைவிட நான் அந்த மூன்று எண்களைத்தான் நம்புவேன்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் செய்தது சரி, ஆனால் முழுமையில்லை. மாறாத தரவை ஜிசிசி ‘.ரோடேட்டா’ என்ற பிரிவிலும் ஆர்ம் கம்பைலர் 5 ‘.கான்ஸ்ட்டேட்டா’, ‘.கான்ஸ்ட்ஸ்ட்ரிங்’ ஆகியவற்றிலும் வைக்கும். ஸ்கிரிப்டில் பெயர் இல்லாத பிரிவுகளை லிங்கர் தானாகவே ஓரிடத்தில் செருகும். உங்கள் பழைய ஸ்கிரிப்ட், மாறாத தரவு முடியும் இடத்தையே தொடக்க மதிப்புகளின் நகல் தொடங்கும் இடமாகக் குறித்திருக்கும். அதே இடத்தில் இந்தப் பிரிவும் வந்து உட்கார்ந்ததால்தான் மோதல். யூவிஷனில் ஒரு ஃபங்ஷனுக்கு ஒரு பிரிவு என்று அமைத்திருந்தால் நிரலும் ‘ஐ’ எழுத்து, புள்ளி, பிறகு ஃபங்ஷன் பெயர் என்ற வடிவில் தனித்தனிப் பிரிவுகளில் இருக்கும். அவற்றையும் ‘.டெக்ஸ்ட்’ உடன் சேருங்கள். ‘--ஆர்ஃபன்-ஹேண்ட்லிங்=வார்ன்’ கொடுத்தால் விடுபட்டவை எல்லாம் பட்டியலாக வந்துவிடும்.

கரிசல்காடு சொன்ன கைல் சி லைப்ரரியைச் சேர்க்கும் யோசனை வேண்டாம். உரிமத்தை ஒதுக்கி வைத்தாலும், அதன் தொடக்க நிரல் கைலின் லிங்கரான ஆர்ம்லிங்க் மட்டுமே உருவாக்கித் தரும் அட்டவணைகளை எதிர்பார்க்கிறது. நீங்கள் எழுதிய இரண்டு சிறிய ஃபங்ஷன்களே சரியான வழி. ஃபைல் சுட்டிகள் மட்டும் இரு பக்கத்துக்கும் நடுவே கைமாறக் கூடாது. ஸ்டான்டர்ட் அவுட்புட் எப்படி இருக்கும் என்பதில் இரண்டு சி லைப்ரரிகளுக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை.

ஜன்னலோரம்:

நான் விண்டோஸ் பக்கம் வேலை செய்பவன். அங்கே ஒரு படி முன்னாலேயே தடுக்கி விழுவோம். 32 பிட் காலத்தில் போர்லாண்ட் கம்பைலர் ஓஎம்எஃப் அமைப்பில் எழுதும், மைக்ரோசாஃப்ட் காஃப் அமைப்பில் எழுதும். ஒன்றை மற்றொன்றின் லிங்கர் வாசிக்கவே வாசிக்காது. டென்மார்க்கைச் சேர்ந்த ஆக்னர் ஃபாக் எழுதிய ஆப்ஜ்கான்வ் என்ற கருவி ஓஎம்எஃப், காஃப், எல்ஃப், மாக்-ஓ நான்குக்கும் இடையே மாற்றித் தரும். அமைப்பைத்தான் மாற்றும், உள்ளே இருக்கும் கட்டளைகளை மாற்றாது.

மிங்டபிள்யூ, மைக்ரோசாஃப்ட் இரண்டும் காஃப் பேசுவதால் சி ஆப்ஜெக்ட் கோப்புகள் பெரும்பாலும் இணைந்துவிடும். அங்கே உங்கள் எனமின் இடத்தைப் பிடிப்பது ‘லாங் டபுள்’. மைக்ரோசாஃப்டில் அது 8 பைட், சாதாரண டபுள்தான். மிங்டபிள்யூவில் 80 பிட், அது 64 பிட் நிரலில் 16 பைட் இடம் எடுக்கும். ஸ்ட்ரக்சரில் அது ஒன்று இருந்தால் போதும், பின்னால் வரும் எல்லாம் இடம் மாறிவிடும். அடுத்தது, ஒரு பக்கத்தில் மல்லாக் செய்ததை (ஒதுக்கிய நினைவகத்தை) மறுபக்கத்தில் ஃப்ரீ செய்வது (விடுவிப்பது). இரண்டு சி ரன்டைம்கள் என்றால் இரண்டு தனித்தனிக் கிடங்குகள்.

நான் எப்போதும் டிஎல்எல்லாகத்தான் (நிரல் இயங்கும்போது ஏற்றப்படும் தனி லைப்ரரி) கேட்டு வாங்குகிறேன். மின்மானிக்கு அந்த வசதி இல்லை என்பது புரிகிறது. ஆனால் அதே கட்டுப்பாட்டை அவரும் வைத்துக்கொள்ளலாம்: எல்லையைத் தாண்டுபவை அளவு நிச்சயமான முழு எண்களும் சுட்டிகளும் மட்டுமே.

மின்மானி:

நன்றி ஐயா, கணிப்பு அப்படியே பலித்தது. ரீட்எல்ஃப் சொன்னது இது.

எங்கள் கோப்பு: டேக்_ஏபிஐ_எனம்_சைஸ்: ஸ்மால்
லைப்ரரி: டேக்_ஏபிஐ_எனம்_சைஸ்: இன்ட்

எச்சரிக்கையை மீண்டும் இயக்கியதும், லைப்ரரியில் உள்ள ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்பைப் பற்றியும் 32 பிட் எனம் என்று லிங்கர் தனித்தனியே சொல்கிறது. பிரித்துப் பார்த்ததில் தொடக்க ஃபங்ஷன் 4, 6, 8 என்ற தூரங்களில்தான் வாசிக்கிறது. ஹெடர் நகலில் 2147483647 சேர்த்தேன், அசர்ட் இரண்டும் எழுதினேன். தொடக்க ஃபங்ஷன் பூஜ்யம் தருகிறது, மூன்று முனைகளின் மின்னழுத்தமும் வருகிறது. கொடி மாறி அப்படியே நிற்கிறது.

ஆர்ஃபன் பட்டியலில் ‘ஐ’ புள்ளி வடிவில் நிறையப் பெயர்கள் வந்தன, அவற்றையும் ஸ்கிரிப்டில் சேர்த்துவிட்டேன்.

இன்னும் ஒன்று. எனம் அளவு சரியான பிறகும் எச்சரிக்கை வந்துகொண்டேதான் இருக்கிறது. அதை எப்படி நிறுத்துவது? லைப்ரரி கொடுத்தவர்களுக்கு எழுதுவது என்றால் என்னவென்று கேட்க வேண்டும்?

சிலிக்கான்மணல்:

எச்சரிக்கை வரத்தான் செய்யும். எனம் ஒவ்வொன்றையும் லிங்கர் பார்ப்பதில்லை, கோப்பின் பொது விருப்பத்தைத்தான் பார்க்கிறது. அந்த எச்சரிக்கைகள் எந்தெந்தக் கோப்புகளைப் பற்றி வருகின்றன என்ற பட்டியலை ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதோடு ஒப்பிடும்படி மேக்ஃபைலில் ஒரு வரி சேருங்கள். புதிய பெயர் ஏதாவது வந்தால் பில்டு நிற்க வேண்டும். விருப்பத்தைக் கொண்டு ஒட்டுமொத்தமாக அணைக்க வேண்டாம்.

அவர்களுக்கு எழுதும்போது ஜிசிசி பதிப்பு கேட்காதீர்கள், ஏற்கெனவே மறுத்துவிட்டார்கள். கைலிலேயே செய்யக்கூடியதைக் கேளுங்கள். எனம் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டுத் தயாரிக்கச் சொல்லுங்கள், அல்லது ஹெடரின் ஸ்ட்ரக்சர்களில் எனமுக்குப் பதில் 32 பிட் முழு எண் வகையைப் போடச் சொல்லுங்கள். இரண்டாவது நிரந்தரமானது, எந்தக் கம்பைலருக்கும் பொருந்தும். கம்பைல் செய்யும்போது ‘--லைப்ரரி_இண்டர்ஃபேஸ்=ஏஇஏபிஐ_சிலிப்’ கொடுத்து, ‘_ஏஇஏபிஐ_போர்ட்டபிலிட்டி_லெவல்’ என்பதை 1 என்று வரையறுக்கச் சொல்லுங்கள். வேறொருவரின் சி லைப்ரரியோடு இணைக்கப்படும் கோப்புகளுக்காகவே ஆர்ம் கம்பைலர் 5 வைத்திருக்கும் வழி அது.

கைல் தொகுப்பான எம்டிகேயின் 5.37ஆம் பதிப்பு முதல் ஆர்ம் கம்பைலர் 5 அதோடு வருவதில்லை. எனவே அவர்கள் என்றாவது ஆர்ம் கம்பைலர் 6க்கு மாறுவார்கள். அது கிளாங் என்ற வேறொரு கம்பைலரின் வழி வந்தது. யூவிஷனில் அதற்கு ‘ஷார்ட் எனம்ஸ்/டபிள்யூசார்’ என்று வேறொரு கட்டம் உண்டு, அதில் டிக் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லிங்க்-டைம் ஆப்டிமைசேஷன் (இணைக்கும்போது நிரலை மேம்படுத்துவது) அணைந்திருக்க வேண்டும் என்றும் சேர்த்து எழுதுங்கள். அது இயங்கினால் கோப்பில் இருப்பது எந்திரக் கட்டளைகளே அல்ல, கிளாங்கின் அடித்தளமான எல்எல்விஎம்மின் இடைநிலை வடிவம். உங்கள் லிங்கர் அதைத் திறக்கவே முடியாது.

புதிய பதிப்பு கையில் கிடைத்த அன்று, வேறெதற்கும் முன்னால் ரீட்எல்ஃப் ஒப்பீட்டையும் அந்த 4, 6, 8 சோதனையையும் மறுபடி செய்யுங்கள். எனம் சிறியதாக வந்திருந்தால் 2147483647ஐ நீக்கிவிட்டு, அசர்ட்டில் 12ஐ 8 ஆகவும் 8ஐ 4 ஆகவும் மாற்ற வேண்டியிருக்கும்.